கார்ப்போவின் முறை

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்காருவதுதான் கார்ப்போவுக்கு வாரத்தின் விசேஷம். இலோய்லோ நகரத்தில், ஜீப்னி என்கிற ஷேர் வண்டிக்கு உதிரி பாகம் விற்கிற கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் பின்கட்டில் ஒரு மாமரமும், அதன் கீழே பழைய ஜீப்னியிலிருந்து கழற்றிப்போட்ட நீள சீட்டும் இருக்கிற கடை இவனுடையது மட்டும்தான்.

அந்த சீட்டில் உட்காருகிறவர்கள் மூன்று பேர். கார்ப்போ, ஜீப்னி ஓட்டும் தேரிங், முடிதிருத்தும் இஸ்லாவ். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். நடுவில் ஒரு ஜின் பாட்டில், கொறிக்க வறுத்த பன்றித்தோல், ஒரே ஒரு கிளாஸ். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கிளாஸ்தான். ஒருவன் ஊற்றிக் கொடுக்க, ஒவ்வொருவராக வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பித் தர வேண்டும். தாகாய் என்று இதற்குப் பெயர். ஆளுக்கொரு கிளாஸை வைத்துக்கொண்டு தனித்தனியாக உறிஞ்சுவதெல்லாம் ஆஸ்பத்திரியில் மருந்து குடிக்கிறவன் வேலை என்பது தேரிங்கின் கொள்கை.

ஊற்றுகிற பொறுப்பு கார்ப்போவுடையது. அவன் கை அப்படி. ஒருவனுக்கு ஒரு விரல்கடை கூடாது, இன்னொருவனுக்கு ஒரு விரல்கடை குறையாது. கல்யாண வீடு, எழவு வீடு எங்கே போனாலும் "கார்ப்போவைக் கூப்பிடு, அவன் ஊத்தட்டும்" என்பார்கள். கடையில் நட்டு போல்ட்டை எண்ணிப் போடுவதில் அவனுக்குச் சில சமயம் தப்பு வரும், இதில் வந்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் அவனுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சாதாரண வலி இல்லை. முதுகு வரைக்கும் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புகிற வலி. கணையம் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறபோது டாக்டரம்மா, கார்ப்போவின் மகள் வயசுதான் இருக்கும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "இனிமே ஒரு சொட்டு உள்ள போனா என்கிட்ட வராதீங்க. நேரா பாதிரியார்கிட்ட போயிடுங்க."

சிநேகிதர்களுக்கு இது எதுவும் தெரியாது. காபிஸில் மாமனார் வகையில் ஒரு சாவு, போய்விட்டு வருகிறேன் என்று மனைவி மெல்பாவை விட்டுச் சொல்லச் சொல்லியிருந்தான். கருவாட்டுக்குப் பேர்போன காபிஸுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினால் ஊர் நம்புமா? அதனால் மெல்பா நம் ஊர்ச் சந்தையிலேயே கருவாடு வாங்கிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தேரிங் அதை வறுத்துத் தின்றுவிட்டு, காபிஸ் கருவாட்டுக்கு ஈடு கிடையாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"சொல்லித் தொலையேன். உசுருக்கு உசுரான சிநேகிதங்கதானே?" என்றாள் மெல்பா.

"சொன்னா அய்யோ பாவம்பானுங்க. அப்புறம் கிளாஸ் என்னைத் தாண்டிப் போகும். தாண்டிப் போச்சுன்னா நான் அங்க ஒரு பூந்தொட்டி."

"பூந்தொட்டியா இருந்தாலும் உசுரோட இருக்கலாம்ல?"

"உசுரோட இருந்து? உன் பக்கத்துல உக்காந்து சீரியல் பாக்கறதா?"

"அதுக்கும் ஒரு குடுப்பினை வேணும்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கார்ப்போ சும்மா பயப்படவில்லை. பெர்த்தோ கதை அவனுக்குத் தெரியும். பெர்த்தோ இந்த சீட்டில் நாலாவது ஆளாக இருந்தவன். குடி கூடாது என்கிற ஒரு சபையில் சேர்ந்தான். சேர்ந்த பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்தான், கையில் ஒரு ஆரஞ்சு சோடாவோடு. அவனை யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. கிளாஸ் கார்ப்போவிடமிருந்து அவன் முழங்காலுக்கு மேலே போய் தேரிங்கிடம் சேரும். கிளாஸ் போகிற வழியிலேயே பேச்சும் போகும், கேலியும் போகும். கொஞ்ச நாளில் பெர்த்தோ வருவதை நிறுத்திக்கொண்டான். இப்போது தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கத்திலிருந்தே கையை உயர்த்தி, சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போவான். அந்தக் கையைப் பார்க்கிறபோதெல்லாம் கார்ப்போவுக்கு என்னவோ செய்யும். இப்போது அது தன் கையாக ஆகிவிடுமோ என்று நினைத்தால் கணையத்தைவிட அதிகமாக வலித்தது.

ஆகவே அவன் ஒரு தந்திரம் செய்தான். கிளாஸ் சுற்றுகிற இடத்தில் உட்கார்ந்தால்தானே மாட்டிக்கொள்வோம்? உட்காராமல் இருந்துவிட்டால்? அடுத்த சனிக்கிழமை தேரிங் பாட்டிலோடு வந்து சேர்ந்தபோது கார்ப்போ கடையைப் பூட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"மோலோவுல ஆத்தோரமா ஒரு அம்மா சமைக்கறாங்களாம். இன்னிக்கு அங்க போறோம்."

"எதுக்கு? உன் பொண்டாட்டி சோத்துல மண்ணா விழுந்துடுச்சு?" என்றான் தேரிங்.

"வாடா மிகோ. எப்பவும் ஒரே மரத்தடியா?"

மிகோ என்றால் சிநேகிதா. அந்த ஒரு வார்த்தைக்கு தேரிங் எங்கே வேண்டுமானாலும் வருவான்.

போன இடம் ஒரு வீட்டின் பின்பக்கம். பெயர்ப்பலகை கிடையாது. துவரையும் பன்றிக்கறியும் பலாப்பிஞ்சும் சேர்த்து, பாத்வான் என்கிற புளிப்புக்காயைப் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு ஒன்றுதான். வேண்டும் என்றால் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். இஸ்லாவ் மூன்றாம் முறை சோறு வாங்கினான். தேரிங் சட்டியைச் சாய்த்து அடியில் இருந்ததை வழித்துக்கொண்டான். வயிறு முட்டியதில் ஜின் பாட்டிலைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கார்ப்போ அன்றைக்குப் பிழைத்தான்.

மறுவாரம் என்ன செய்வது? சினிமாவுக்குக் கூட்டிப் போனான். சினிமாக் கொட்டகையில் கிளாஸ் சுற்றாது. அரசாங்கம் நடத்துகிற சின்னக் கொட்டகை ஒன்றில் உள்ளூர்ப் பசங்கள் எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற ஒருத்தி. தினமும் எத்தனையோ பேரை அக்கரைக்கு அனுப்புகிறாள், தான் ஒரு தடவைகூட அக்கரைக்குப் போனதில்லை. அவ்வளவுதான் கதை. கடைசியில் அவள் படகில் ஏறுகிறாள். படகு போகிறது. நம்மை மட்டும் துறையிலேயே நிற்க வைத்துவிடுகிறார்கள்.

தேரிங் குறட்டை விட்டதில் முன்வரிசைக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இஸ்லாவ் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கார்ப்போ வெளிச்சம் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தனியாகப் போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தான். ஏன் போனோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

அதன் பிறகு வாரா வாரம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்றாகிவிட்டது. சாயங்காலங்களில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தான். பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர்தான். ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் மாமரத்தடிக்கும் நடுவே எத்தனை சந்து இருக்கிறது என்பதே இப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. சில விஷயங்கள் பிடிபட்டன. அடுப்பைவிடப் பெயர்ப்பலகை பெரிதாக இருந்தால் வண்டியை நிறுத்தாதே. வெயிலில் நின்றுகொண்டே டிரைவர்கள் தின்கிற இடமென்றால் இறங்கு. சமைக்கிறவள் தன் குழம்பைத் தானே ருசி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து மறுபடி உப்புப் போடுகிறாளா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடு.

இன்னொன்றும் நடந்தது. குடிக்க முடியாது என்று ஆன பிறகு அவனுக்கு மூக்கு முளைத்தது. ஜின் குடித்த காலத்தில் யார் வாசம் பார்த்தார்கள்? கண்ணை மூடு, தொண்டைக்குள் தள்ளு, முகத்தைக் கோணு, கிளாஸைக் கொடு, அவ்வளவுதான். இப்போது சுட்ட சிப்பியில் கடல் வேறாகவும் கரி வேறாகவும் தெரிந்தது. குழம்பு கொதிக்கிற வீட்டைக் கடக்கும்போது பாத்வான் எப்போது போட்டார்கள் என்பதுவரை சொல்ல முடிந்தது. ஏமாற்றுவதற்காக ஆரம்பித்த காரியம். அதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று யார் கண்டார்கள்? சனிக்கிழமை நெருங்க நெருங்க, இதை அவர்களுக்குக் காட்ட வேண்டும், அதை அவர்கள் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குச் சின்னப் பையன் மாதிரி பரபரக்கும்.

ஆனால் காட்டப்படுகிறவர்களுக்கும் அப்படி இருக்க வேண்டுமே. தேரிங்கின் கேலியில் மெல்ல மெல்லக் காரம் ஏறியது. கார்ப்போவின் மகளைக் கப்பலில் இன்ஜினியராக இருக்கிற ஒருவனுக்குக் கொடுத்திருந்தது. அவளுக்கு ஞானத்தகப்பனே தேரிங்தான்.

"மருமகன் உலகத்தைச் சுத்தறான், மாமனார் ஊரைச் சுத்தறாரு. நடுவுல நாங்க எதுக்குடா, பெட்டி தூக்கவா?"

"சும்மா வாடா. இந்த சிப்பியைத் தின்னு பாரு."

"தின்னாச்சு. சிப்பிதான். வேற என்னவா இருக்கணும்?"

ஒரு சனிக்கிழமை தேரிங் முன்னதாகவே வந்து பின்கட்டு சீட்டில் உட்கார்ந்துவிட்டான். பாட்டிலைத் திறந்து வைத்திருந்தான். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்திருந்தான். "இன்னிக்கு எங்கயும் போகல. இங்கதான்," என்றான். கார்ப்போவுக்கு வியர்த்துவிட்டது. படத்துக்கு நேரமாச்சு, சொல்லி வைத்துவிட்டேன் என்று என்னென்னவோ உளறினான். தேரிங் அவனையே பார்த்தான். பிறகு பாட்டிலை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுவாரம் வரவில்லை.

இஸ்லாவிடம் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது கார்ப்போ கேட்டான்: "தேரிங் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல."

"டேய்."

இஸ்லாவ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "உனக்கு எங்க கூட உக்கார வெக்கமா இருக்காம். அப்படித்தான் சொன்னான். நான் இல்லைன்னேன். இல்லைதானே?"

எதைக் காப்பாற்ற இத்தனை பாடு பட்டானோ அதுவே கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு நல்ல இடம் கிடைத்தால் போதும், தேரிங்கை மடக்கிவிடலாம் என்று நினைத்தான் அந்த மடையன்.

அப்படித்தான் ஹாரோ பக்கத்தில் ஒரு பியர்க்கடை அவனுக்கு அகப்பட்டது. அரிசிக் கிடங்காக இருந்த இடம். ஜெர்லின் என்கிற பெண் அதில் எஃகு அண்டாக்களை நிறுத்தி, தானே பியர் காய்ச்சி, தானே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இல்லை. கார்ப்போ போன அன்று, குடிக்க வரவில்லை, வாசம் மட்டும் பார்க்கலாமா என்று கேட்டான். அவள் சிரித்துவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஒரு மடக்குப் பிடித்துக் கொடுத்தாள். ஒன்றில் குயிமராஸ் தீவு மாம்பழம். ஒன்றில் வறுத்த கொக்கோ. ஒன்று வேப்பங்கொழுந்தாகக் கசக்கிற வாசம். இன்னொன்றில் மூக்கை வைத்தவன் நிமிர்ந்து பார்த்தான். குழம்புக்குப் போடுகிற அதே பாத்வான் புளிப்பு!

அதைவிடப் பெரிய சமாசாரம், கடையில் பரிமாறுகிற முறை. நீளப் பலகை ஒன்றில் சின்னச் சின்னக் கிளாஸ்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பியர். ஆளுக்கு ஒரு பலகை. அவரவர் பலகை அவரவருக்கு. யார் எவ்வளவு குடித்தார்கள், யார் உதட்டில் தொட்டுத் துடைத்துக்கொண்டார்கள் என்று யார் கவனிக்கப் போகிறார்கள்? கார்ப்போ சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

தேரிங்கை வரவைப்பதற்கு ஜீப்னி ஸ்டாண்டுக்கே போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. "பியர்தாண்டா, சினிமா இல்ல. சத்தியமா பியர்." தேரிங் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். இஸ்லாவ் இரண்டு பேருக்கும் நடுவில், சண்டைக்கார அப்பா அம்மாவோடு கோயிலுக்குப் போகிற பிள்ளை மாதிரி வந்தான்.

ஜெர்லின் மூன்று பலகைகளைக் கொண்டுவந்து வைத்தாள். தேரிங் குனிந்து பார்த்தான்.

"என்னடா இது, பொம்மைக் கல்யாணமா?"

"ஒவ்வொண்ணா எடுக்கணும். மொதல்ல வாசம் பாரு. இதுல மாம்பழம் இருக்கு. இது கொக்கோ. இது..."

"இண்டாய்," என்று தேரிங் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டான். தங்கச்சி என்பதற்கு நம் ஊரில் அப்படித்தான். "ஒரு பெரிய ஜக்கு கொண்டா. காலி கிளாஸ் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

அவள் என்னவோ ஏதோ என்று கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள். தேரிங் முதல் பலகையைத் தூக்கி, அதிலிருந்த கிளாஸ்களை ஒவ்வொன்றாக ஜக்கில் கவிழ்த்தான். மாம்பழம், கொக்கோ, கசப்பு, பாத்வான் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. இஸ்லாவ் பலகையும் போயிற்று. கார்ப்போவின் பலகையும் போயிற்று. ஜக்கில் சேற்று நிறத்தில் நுரை பொங்கியது.

"மானோங்! ஐயோ, அண்ணே! என்ன பண்றீங்க?" ஜெர்லின் ஓடி வந்தாள். "அதைத் தனித்தனியா குடிக்கணும்! அந்தப் புளிப்பு பியரை மழைக்கு முன்னாடி போட்டேன், இந்த மாசம்தான் பீப்பாயே திறந்தேன்!"

"எப்படியும் வயித்துக்குள்ள போயி ஒண்ணாத்தானே கலக்கப் போகுது இண்டாய்? அந்த வேலையை நான் வெளியவே முடிச்சுட்டேன்."

இஸ்லாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜெர்லின் தலையில் கையை வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தேரிங் சிரிக்கவில்லை. ஜக்கையும் அந்த ஒற்றைக் கிளாஸையும் கார்ப்போவின் முன்னால் நகர்த்தினான்.

"ஊத்து."

கார்ப்போ ஊற்றினான். எத்தனையோ மாதம் கழித்தும் கை மறக்கவில்லை. இஸ்லாவ் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான். தேரிங் வாங்கினான், கண்ணை இமைக்காமல் குடித்தான், கிளாஸைத் திருப்பித் தந்தான். கார்ப்போ தன் பங்கை ஊற்றினான். எடுத்தான்.

ஒரு கிளாஸ்தானே, பியர்தானே, என்ன ஆகிவிடும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நியாயமான குரலாகத்தான் இருந்தது. கிளாஸ் வாய்வரை போனது. கடப்பாரை ஞாபகம் வந்து கை தானாகக் கீழே இறங்கியது.

"நான் அப்புறமா குடிக்கறேன். நீங்க ஒரு சுத்து..."

"போதும்டா," என்றான் தேரிங். குரல் உயரவே இல்லை. "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கிளாஸைக் கண்டா ஓடற. சினிமாங்கற, ஆத்தோரம்ங்கற. கடைசியில ஆளுக்கொரு கிளாஸ் குடுக்கற கடையாத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற. அதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்? நேராவே சொல்லிடு. கப்பல்காரனோட மாமனாருக்கு ஜீப்னிக்காரன் எச்சில் நாறுது. அதானே?"

கார்ப்போவுக்குக் காது அடைத்துக்கொண்டது. இவர்கள் தன்னைத் தள்ளிவிடுவார்களோ என்றுதான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தான். தான்தான் இவர்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது. கிளாஸைத் தூக்கினான். அதன் விளிம்பில் தேரிங் குடித்த இடத்தில் ஈரம் இருந்தது. அந்த இடத்தில் உதட்டை அழுத்தி வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"உன் எச்சில் இல்லடா. அது உள்ள இருக்குதே, அதுதான். நான் குடிச்சா செத்துப்போவேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வலியைச் சொன்னான், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னான். சொல்லச் சொல்ல இஸ்லாவின் கண் நிரம்பியது. அவனுக்கு அது வழக்கம்தான். தேரிங் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப காபிஸுக்குப் போனது?"

"போகல. ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"அந்தக் கருவாடு?"

"நம்ம சந்தையில வாங்கினது."

"அடப்பாவி! ஸ்டாண்டுல ஒருத்தன் விடாம சொன்னேனேடா! காபிஸ் கருவாடு, காபிஸ் கருவாடுன்னு!" மேசையில் ஓங்கி ஒரு அடி வைத்தான். ஜக்கு குதித்தது. ஜெர்லின் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். அடுத்த வார்த்தை வரும்போது அவன் குரல் மாறியிருந்தது. "யாரு கூட இருந்தா?"

"மெல்பா."

"பூரா நாளும் அவ ஒருத்தியா?"

"ஆமா."

"எப்படிப் போனீங்க?"

"வாடகை ட்ரைசிக்கிள்ல."

"ட்ரைசிக்கிள்ல!" தேரிங் இஸ்லாவைப் பார்த்தான், ஜெர்லினைப் பார்த்தான், ஊரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறவன் மாதிரி. "வலியில சுருண்டுக்கிட்டு ட்ரைசிக்கிள்ல போயிருக்கான். என்கிட்ட வண்டி இருக்குடா. நான் எதுக்குடா வண்டி வச்சிருக்கேன்?"

"பெர்த்தோவை நினைச்சுக்கிட்டேன்," என்றான் கார்ப்போ.

"பெர்த்தோவை நாம ஒண்ணும் சொல்லலியே," என்றான் இஸ்லாவ்.

"அதான். ஒண்ணுமே சொல்லல."

இஸ்லாவ் மெதுவாகக் கேட்டான்: "அப்ப அந்தப் படம்? அதுவும் சாக்குதானா? நான் நிஜமா அழுதேனே."

"மொதல்ல சாக்குதான். அப்புறம் திங்கக்கிழமை தனியாப் போயி மறுபடியும் பாத்தேன். எனக்கு எல்லாமே பிடிச்சுப்போச்சுடா. அந்தக் குழம்பு, சிப்பி, இந்தப் பொண்ணு பண்ற பியரு. உங்களுக்கும் பிடிக்கணும்னுதான்..."

"மத்ததெல்லாம் மன்னிச்சுடறேன்," என்றான் தேரிங். "அந்தப் படத்துக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது." சொல்லிவிட்டுக் கார்ப்போவின் முன்னால் இருந்த கிளாஸை எடுத்தான், அவன் பங்கைக் குடித்தான், காலிக் கிளாஸை நகர்த்தினான். "ஊத்து."

கார்ப்போ ஊற்றினான். இஸ்லாவ் குடித்தான். தேரிங் குடித்தான். கிளாஸ் திரும்பி வந்தது. கார்ப்போ அதை வாங்கி, இயல்பாக, ரொம்ப இயல்பாக, இஸ்லாவுக்கு ஊற்றப் போனான்.

தேரிங் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "யாரைத் தாண்டற?"

"நான்தான் குடிக்க..."

"குடின்னு சொன்னேனா? உன் முறைடா இது. ஊத்து. கையில வச்சுக்க. வாசம் வாசம்னு இத்தனை மாசமா எங்க உசுர வாங்கினியே. உள்ள என்ன இருக்குன்னு சொல்லு. சொல்லிட்டு என்கிட்ட குடு."

கார்ப்போ தனக்கு ஊற்றிக்கொண்டான். அதே அளவுதான், ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிளாஸை மூக்கிடம் கொண்டுபோனான். முதலில் ஒன்றும் பிரியவில்லை. எல்லாம் சேர்ந்து சந்தைக்கடை மாதிரி இரைந்தது. கண்ணை மூடிக்கொண்டான். மாம்பழம் வந்தது. அதற்குப் பின்னால் கொக்கோவின் கருகல் வந்தது. அதற்கும் அடியில் இன்னும் ஏதோ ஒன்று இருந்தது, பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"என்னடா, தெரியுதா?" என்று இஸ்லாவ் கேட்டான்.

"சும்மா இருடா," என்றான் தேரிங். "அவன் முறை. எவ்வளவு நேரம் வேணாலும் எடுத்துக்கட்டும்."